கப்பலை நிறுத்தியது அந்த ஒரு கடிதம்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் தூதர்களாவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், அமெரிக்காவின் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸுக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். ஜனாதிபதியின் மகன் என்பதால் அவருக்கு லண்டன் பதவி கிடைத்தது. 1863 செப்டம்பரில் "இது போர்" என்று ஒரே ஒரு கடிதம் எழுதி, பிரிட்டனில் தென் மாநிலங்களுக்காகக் கட்டிய இரண்டு போர்க்கப்பல்களை நிறுத்திவிட்டார் என்பது அதன் சாரம். முதல் பாதியில் பிழையில்லை. இரண்டாம் பாதி பல புத்தகங்களில் சுற்றிவரும் கதை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிற்காது. அந்தக் கதை ஒட்டிக்கொண்டதில், அவர் உண்மையில் செய்த வேலை யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. அதை விளக்க இடம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது, பொறுத்தருளவும்.

முதலில் குடும்பம். தாத்தா ஜான் ஆடம்ஸ் இரண்டாவது ஜனாதிபதி, அப்பா ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆறாவது. இருவருமே ஜனாதிபதி ஆவதற்கு முன் லண்டனில் தூதராக இருந்தவர்கள். தாத்தா 1785 முதல் 1788 வரை, அப்பா 1815 முதல் 1817 வரை. பேரன் 1861இல் அங்கே போனது மூன்றாம் தலைமுறையாக. 1807 ஆகஸ்ட் 18இல் பாஸ்டனில் பிறந்தவரை, இரண்டு வயதிலேயே அப்பா ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கூட்டிப்போய்விட்டார். பிரெஞ்சு பேசித்தான் வளர்ந்தார். 1815 பிப்ரவரியில் கொட்டும் பனியில் அம்மா லூயிசா அந்த ஏழு வயதுப் பையனை வண்டியில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய நாற்பது நாள் பயணம் செய்து பாரிஸ் வந்து சேர்ந்தார். நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பிப் பாரிஸுக்குள் நுழைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதன்பின் லண்டன் அருகே ஈலிங்கில் ஆங்கிலேயப் பையன்களோடு பள்ளிக்கூடம். லண்டனின் பழக்கவழக்கம் அவருக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி.

மாமனார் பீட்டர் சார்டன் புரூக்ஸ் கடல் காப்பீட்டில் பணம் சேர்த்து பாஸ்டனின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானவர். அதனால் சம்பளத்துக்காக வேலை செய்ய வேண்டிய நிலை ஆடம்ஸுக்கு வந்ததில்லை. ஹார்வர்டு, டேனியல் வெப்ஸ்டரின் அலுவலகத்தில் சட்டப் பயிற்சி, மாசசூசெட்ஸ் சட்டமன்றம், 1848இல் அடிமைமுறைப் பரவலை எதிர்த்த 'ஃப்ரீ சாயில்' கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர், 1859இல் நாடாளுமன்றம். இடையில் பல ஆண்டுகள் செலவிட்டு, தாத்தாவின் எழுத்துகளைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். பழைய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, எது எதற்குப் பதில் என்று பொருத்திப் பார்க்கும் அந்த வேலைதான் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

லண்டன் பதவி வெளியுறவுச் செயலர் சூவர்டின் சிபாரிசில் வந்தது. லிங்கனுக்கு அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆடம்ஸ் நன்றி சொல்லப் போனபோது, "நன்றியை சூவர்டுக்குச் சொல்லுங்கள்" என்ற தொனியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சூவர்டின் பக்கம் திரும்பி சிகாகோ தபால் நிலையத்துக்கு யாரைப் போடுவது என்ற விஷயத்தை எடுத்தார் லிங்கன் என்று ஆடம்ஸின் மகன் எழுதிவைத்திருக்கிறார். 'அம்பாசடர்' என்ற நிலையை அமெரிக்கா 1893 வரை யாருக்கும் தரவில்லை. ஆடம்ஸின் பதவிப் பெயர் 'மினிஸ்டர்'. ஆண்டுச் சம்பளம் 17,500 டாலர். கீழே இரண்டு செயலாளர்கள்: ஒருவர் சிகாகோ பத்திரிகையாசிரியர் வில்சன், மற்றவர் பெஞ்சமின் மோரன். இதற்கு மேல் தன் மகன் ஹென்றியைத் தனிச் செயலாளராகக் கூட்டிப்போனார். அந்த ஹென்றி அப்பாவுக்குத் தெரியாமல் நியூயார்க் டைம்ஸுக்குப் பெயர் போடாமல் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். இன்று எந்தத் தூதரகத்திலும் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வாரிசு நியமனத்தைக் குறைசொல்ல உங்கள் கட்டுரையாளர் இதை எடுத்திருந்தால் என்னால் மறுத்திருக்க முடியாது.

1861 மே 13ஆம் தேதி ஆடம்ஸ் லண்டனில் கால் வைத்தார். மூத்த மகன் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று மே முதல் தேதி வரை பாஸ்டனில் தங்கியதன் விலை அன்றே தெரிந்தது. பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் லிங்கனின் வட மாநில அரசுக்கும் மூண்ட உள்நாட்டுப் போரில் பிரிட்டன் நடுநிலை வகிக்கும் என்ற அரசியின் பிரகடனம் அதே நாளில் கையெழுத்தாகிவிட்டது. நடுநிலை என்றால், தென் மாநிலங்களைக் கலகக்காரர்களாகப் பார்க்காமல் போரிடும் ஒரு தரப்பாக ஏற்பது. அவர் முன்னமே வந்திருந்தால் தடுத்திருக்க முடியுமா என்பது வேறு விஷயம்; தடுத்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் இருந்த சூழ்நிலையில் ஒன்றை மறக்கக்கூடாது. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் 1858இல் போட்ட தந்திக் கம்பி சில வாரங்களிலேயே செத்துவிட்டது. அடுத்து வேலை செய்த கம்பி 1866இல்தான் வந்தது. போர் நடந்த நான்கு வருஷமும் வாஷிங்டனிலிருந்து ஒரு கடிதம் வரப் பத்துப் பன்னிரண்டு நாள், கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு மாதம். ஆகவே வந்த உத்தரவை எப்போது காட்டுவது, எப்போது பெட்டிக்குள் வைத்துக்கொள்வது என்பதைத் தூதரே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

முதல் சோதனை அவர் வந்து ஒரு மாதத்துக்குள்ளேயே வந்தது. சூவர்ட் மே 21 தேதியிட்டு அனுப்பிய பத்தாம் எண் கடிதம் ஏறக்குறைய போர் மிரட்டல். மூல வரைவில் இருந்த காரத்தை லிங்கனே அங்கங்கே அடித்துக் குறைத்து, இதைத் தூதர் தன் வழிகாட்டுதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று மாற்றியிருந்தார். அப்படியும் அது சூடுதான். ஜூன் 12இல் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல் பிரபுவைச் சந்தித்த ஆடம்ஸ், கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. அதன் சாரத்தைத் தன் வார்த்தையில் தணித்துச் சொன்னார். தென் மாநிலப் பிரதிநிதிகளை இனிச் சந்திக்கும் உத்தேசம் இல்லை என்ற பதிலை ரஸ்ஸலிடமிருந்து வாங்கினார். கடிதத்தை அப்படியே மேசையில் வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

அந்த நவம்பரில் ட்ரென்ட் விவகாரம். அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் வில்க்ஸ் ஒரு பிரிட்டிஷ் தபால் கப்பலை மறித்து, அதில் போன தென் மாநிலத் தூதர்கள் மேசன், ஸ்லைடெல் இருவரையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார். பிரிட்டன் கனடாவுக்கு 11,000 துருப்புகளை ஏற்றியது. வெடியுப்பு ஏற்றுமதியை நிறுத்தியது. டூபான்ட் வெடிமருந்துக் குடும்பத்தின் லாமோட் டூபான்ட் அமெரிக்க அரசுக்காக அப்போதுதான் லண்டனில் சத்தமில்லாமல் வாங்கிக் குவித்திருந்த வெடியுப்பும் அதில் மாட்டிக்கொண்டது. இந்தியாவிலிருந்து போன சரக்கு அது. இதில் ஆடம்ஸின் பங்கு சிறியது, ஆனால் சரியான நாளில் வந்தது. வில்க்ஸ் அரசின் உத்தரவில்லாமல் செய்தார் என்ற சூவர்டின் கடிதத்தை டிசம்பர் 19இல் ரஸ்ஸலுக்குப் படித்துக் காட்டினார். இருவரும் 1862 ஜனவரி முதல் தேதி விடுவிக்கப்பட்டனர்.

பாமர்ஸ்டன் பிரபுவோடு நடந்த ஒரு உரசலை ராஜதந்திரப் பயிற்சியில் பாடமாகவே வைக்கலாம். நியூ ஆர்லியன்ஸை ஆண்ட வட மாநிலத் தளபதி பட்லர், தன் வீரர்களை அவமதிக்கும் பெண்களை விலைமாதராக நடத்தலாம் என்று உத்தரவு போட்டார். பிரதமர் பாமர்ஸ்டன் 1862 ஜூன் 11இல் ஆடம்ஸுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அருவருப்பு என்ற வார்த்தை முதல் வரியிலேயே இருந்தது. பட்லரை ஆதரித்தோ கண்டித்தோ ஆடம்ஸ் ஒரு வரி எழுதவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: இது பிரதமர் எழுதிய அரசுக் கடிதமா, ஒரு பெரிய மனிதர் எழுதிய சொந்தக் கடிதமா? அரசுக் கடிதம் என்றால் வெளியுறவு அமைச்சர் வழியாக வந்திருக்க வேண்டும். சொந்தக் கடிதம் என்றால் இந்தத் தொனியில் எழுத அவருக்கு உரிமையில்லை. பிறகு நேராக ரஸ்ஸலிடம் போய்ச் சொன்னார். அவருக்கு விஷயமே தெரியாது. இரண்டு சுற்றுக் கடிதங்களுக்குப் பிறகு, இனி இப்படிப்பட்ட கடிதங்களை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று எழுதி முடித்தார். பாமர்ஸ்டன் வீட்டு வரவேற்புகளுக்கு ஆடம்ஸ் குடும்பம் போவதும் நின்றது.

இனி அலபாமா என்ற போர்க்கப்பலின் கதை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தென் மாநிலங்களின் கடற்படை முகவர் ஜேம்ஸ் புல்லக் லிவர்பூலில் உட்கார்ந்துகொண்டு ஒரு வக்கீலிடம் யோசனை கேட்டார். 1819ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டப்படி, நட்பு நாட்டுக்கு எதிராகப் போரிடக் கப்பலைப் பிரிட்டனுக்குள் ஆயுதபாணியாக்குவது குற்றம். கப்பல் கட்டுவது குற்றமா? சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. ஆகவே கப்பலை ஓரிடத்தில் கட்டி, பீரங்கியை வேறொரு கப்பலில் அனுப்பி, இரண்டையும் வெளிநாட்டுத் தண்ணீரில் சேர்த்துவிட்டால் சட்டம் தொடாது என்பது திட்டம். பர்கன்ஹெட்டில் லேர்ட் பட்டறையில் 290 என்ற எண்ணில் அந்தக் கப்பலை 47,500 பவுண்டுக்குக் கட்டினார்கள். நீளம் 220 அடி, பாயும் உண்டு, நீராவி இயந்திரமும் உண்டு; பாய்விரித்துப் போகும்போது தடையாக இருக்காதபடி புரொபெல்லரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைக்கலாம். 1862 மே 15இல் 'என்ரிக்கா' என்ற பெயரில் தண்ணீரில் இறங்கியது.

லிவர்பூலில் அமெரிக்கக் கான்சல் டட்லி. கப்பல் யாருக்கு என்று துறைமுகமே அறிந்திருந்தது. ஆனால் ஊர்ப் பேச்சு சாட்சியம் ஆகாது. ஜூன் 23இல் ஆடம்ஸ் ரஸ்ஸலுக்கு முதல் முறையீடு அனுப்பினார். அது சுங்க அதிகாரிகளிடம் போய், நடவடிக்கை எடுக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று திரும்பியது. ஆடம்ஸ் மறுபடி அதே முறையீட்டைச் செய்யவில்லை. டட்லியை விட்டு, உளவாட்களைப் போட்டு, சத்தியப் பிரமாண வாக்குமூலம் தரக்கூடிய ஆட்களைப் பிடிக்கச் சொன்னார். அவர்களில் பாஸ்மோர் என்ற மாலுமி முக்கியமானவர். இந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தபோது, தென் மாநில அரசுக்காகப் போரிடப் போகிறது என்று கேப்டனே தன்னிடம் சொன்னதாக அவர் சத்தியம் செய்தார். ஜூலை 21இல் வாக்குமூலங்கள் சுங்க அதிகாரியின் கையில் போய்ச் சேர்ந்தன. அப்போதும் ஆடம்ஸ் சும்மா இருக்கவில்லை. லண்டனின் பெரிய வக்கீல்களில் ஒருவரான ராபர்ட் கோலியரிடம் அதே காகிதங்களைக் கொடுத்து எழுத்துமூலம் கருத்து வாங்கினார். இதைவிட வலுவான வழக்கு அமைவது கடினம், இதற்குப் பயன்படாத சட்டம் செத்த எழுத்துதான் என்று கோலியர் எழுதினார். அந்தக் கருத்தும் வெளியுறவு அலுவலகத்துக்குப் போனது.

எங்கே கோளாறு? காகிதங்கள் அரசின் சட்ட அதிகாரிகளுக்குப் போயின. முதலில் பார்க்க வேண்டியவர் சர் ஜான் ஹார்டிங். அவர் மனநலம் கெட்டு வீட்டில் கிடந்தார், வெளியே தெரியவில்லை. கட்டு அவர் வீட்டிலேயே பல நாள் பிரிக்கப்படாமல் இருந்தது. மற்ற இரு அதிகாரிகளும் பார்த்துவிட்டு, கப்பலைப் பிடியுங்கள் என்று சொன்னது ஜூலை 29. அதே ஜூலை 29 காலையில் என்ரிக்கா, வெள்ளோட்டம் என்று சொல்லி விருந்தினர்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. மாலையில் அவர்களை ஓர் இழுவைப் படகில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டு, ஆங்கிள்சி தீவுப் பக்கம் ஒதுங்கி நின்றது. தடை உத்தரவு வந்தபோது கப்பல் இல்லை. ஆடம்ஸ் முன்கூட்டியே சவுத்தாம்ப்டனில் இருந்த டஸ்கரோரா என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை உசுப்பிவிட்டிருந்தார். என்ரிக்கா அயர்லாந்தை வடக்கே சுற்றிப் போய் அதன் கையில் சிக்காமல் தப்பியது. அசோர்ஸ் தீவுகளில், லண்டனிலிருந்து வேறு கப்பலில் வந்த எட்டுப் பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு ஆகஸ்ட் 24இல் 'அலபாமா' ஆனது.

அடுத்த இருபத்திரண்டு மாதங்களில் அது அறுபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்தது, பெரும்பாலானவற்றை எரித்தது. நம் பக்கமும் வந்தது. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா ஜலசந்தி வழியாக வந்து, 1864 ஜனவரி 14இல் மலபார்க் கரைக்கு அப்பால் 'எம்மா ஜேன்' என்ற கப்பலை எரித்து, அதிலிருந்தவர்களைத் திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. அந்த ஜூன் 19இல் பிரான்சின் ஷெர்பூர் அருகே கியர்சார்ஜ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அதை மூழ்கடித்தது.

கப்பல் தப்பியதும் இன்னொருவராக இருந்தால் கோபக் கடிதம் எழுதியிருப்பார், அல்லது விட்டிருப்பார். ஆடம்ஸ் 1862 நவம்பர் 20இல் நஷ்ட ஈட்டுக் கோரிக்கையைப் பதிவுசெய்தார். அதன்பின் எரிந்த ஒவ்வொரு கப்பலுக்கும் உரிமையாளர் முறையீடு, சரக்கு விவரம், வாக்குமூலம், எல்லாம் இணைத்து ரஸ்ஸலுக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொரு தடவையும் ரஸ்ஸல் பொறுப்பை மறுத்தார். 1863 அக்டோபர் 23 குறிப்பில், நியாயமான எந்த நடுவர் முறைக்கும் அமெரிக்கா தயார் என்று ஒரு வாக்கியத்தைச் செருகிவைத்தார். 1865இல் ரஸ்ஸல் அதை எடுத்து, தங்கள் அரசின் மானத்துக்குத் தாங்களே காவலர் என்று சொல்லி நிராகரித்தார். நிராகரிப்பும் கோப்பில் சேர்ந்தது.

இப்போது உங்கள் கட்டுரையின் கப்பல்கள். லேர்ட் பட்டறையில் 294, 295 என்ற எண்களில் தலா 93,750 பவுண்டுக்கு இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள். சுழலும் பீரங்கி மேடை. மூக்கில் தண்ணீருக்கு அடியில் மரக் கப்பலைக் குத்திக் கிழிக்க இரும்புக் கொம்பு. தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டு நின்ற வட மாநில மரக் கப்பல்களுக்கு இவை எமன். வாங்குபவர் பெயர் பாரிஸின் பிராவே கம்பெனி, எகிப்து பாஷாவுக்காக என்று சொல்லிக்கொண்டார்கள். ஆடம்ஸ் ஜூலை 11 தொடங்கி வாக்குமூலங்களோடு அடுத்தடுத்துக் குறிப்பு அனுப்பினார். செப்டம்பர் 1 தேதியிட்ட ரஸ்ஸலின் பதில், தலையிட ஆதாரம் போதாது என்றது; அது ஆடம்ஸின் கைக்கு 4ஆம் தேதி வந்தது. 5ஆம் தேதி அவர் அந்தப் புகழ்பெற்ற வரியை எழுதினார்: இது போர் என்று உங்களுக்குச் சுட்டிக்காட்டுவது மிகையாகும் என்று.

ஆனால் ரஸ்ஸல் கப்பல்களை நிறுத்தச் சொன்னது செப்டம்பர் 3. எகிப்துக் கதை பொய் என்று கெய்ரோவிலிருந்து தகவல் வந்துவிட்டது, பிராவே சொன்னதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அலபாமாவில் வாங்கிய அடி வேறு. இடையில் 'அலெக்சாண்ட்ரா' என்ற சின்னக் கப்பலைப் பிடித்து வழக்காடி ஜூரியிடம் தோற்றும் இருந்தார்கள். ஆகவே நீதிமன்றத்தை நம்பி இருக்க முடியாது, முதலில் கப்பலைப் பிடிப்போம், பிறகு பார்ப்போம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். இதை ஆடம்ஸ் அறியமாட்டார். 8ஆம் தேதிதான் அவருக்குச் சொன்னார்கள். அக்டோபரில் முறைப்படி பறிமுதல். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் கடற்படையே விலைக்கு வாங்கி 'ஸ்கார்பியன்', 'வைவர்ன்' என்று பெயர் வைத்துக்கொண்டது. 5ஆம் தேதிக் கடிதம் திறந்திருந்த கதவைத்தான் தள்ளியது. கதவு திறந்ததற்கு ஜூலையிலிருந்து அடுக்கிய வாக்குமூலங்களும் ஒரு காரணம்.

அவர் சறுக்கவே இல்லை என்று சொல்லவரவில்லை. அதே 1863 ஏப்ரலில், ஹோவெல், சிர்மன் என்ற இருவர் மெக்சிகோவின் மட்டமோரோஸ் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோக, முற்றுகையில் நிற்கும் அமெரிக்க அட்மிரலுக்கு ஒரு கடிதம் கேட்டார்கள். சரக்கு ஆயுதம், மெக்சிகோவில் பிரெஞ்சுப் படையோடு போரிடுபவர்களுக்கு. ஆடம்ஸ் கொடுத்துவிட்டார். கடிதம் காப்பீட்டாளர்களின் கைக்குப் போய் வெளியே வந்தது. பிரிட்டிஷ் வியாபாரத்துக்கு லண்டனில் இருக்கும் அமெரிக்கத் தூதர் யார் அனுமதி கொடுக்க என்று ஒரு பக்கம், எங்களுக்கு எதிரான ஆயுதத்துக்கு வழிவிட்டாரா என்று பிரான்ஸ் இன்னொரு பக்கம். நடுநிலைக்காரர்கள் ஆயுதம் விற்பதைத் தினமும் குறைசொல்லும் மனிதர் கொடுத்த சீட்டு அது. அவர் வேலையில் இதைவிட மோசமான நாள்கள் இல்லை.

பஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனின் பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து போனது. அது நின்றதும் லங்காஷயர் ஆலைகள் மூடி, 1862 கடைசியில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் நிவாரணத்தில் வாழ்ந்தார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பிய இந்தியப் பஞ்சில் தூத்துக்குடி வழியாகப் போன நம் கரிசல் காட்டுப் பருத்தியும் உண்டு. 'டின்னவேலி' என்று தனிப்பெயரே இருந்தது. தென் மாநிலங்களை அங்கீகரித்துவிடலாம் என்று பாமர்ஸ்டன் அமைச்சரவை 1862 இலையுதிர் காலத்தில் யோசித்தபோது ஆடம்ஸிடம் ஓர் உத்தரவு இருந்தது: பிரிட்டன் தலையிட்டால் வேலையை நிறுத்திவிடு. அதை அவர் காட்டவில்லை. அமைச்சர் கிளாட்ஸ்டன் மேடையில் பேசிய பேச்சை நம்பியிருந்தால் பெட்டி படுக்கையைக் கட்டத் தொடங்கியிருப்பேன் என்று அக்டோபர் 23இல் ரஸ்ஸலிடம் போகிறபோக்கில் சொன்னார். அவ்வளவே. ரஸ்ஸலுக்குப் புரிந்தது.

1868இல் ஊர் திரும்பினார். கோப்பின் பலன் 1871இல் தெரிந்தது. வாஷிங்டன் உடன்படிக்கை அலபாமா விவகாரத்தை ஐந்து நடுவர்களிடம் விட்டது. அதில் எழுதிய விதி இதுதான்: போருக்குப் போகும் என்று நம்ப நியாயமான காரணமுள்ள கப்பலை, நடுநிலை நாடு தகுந்த அக்கறையோடு தடுக்க வேண்டும். ஆக முழு வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. பிரிட்டனுக்கு எந்தத் தேதியில் என்ன தெரியும்? அதற்கு விடை ஆடம்ஸ் ஒன்பது வருஷம் முன் அனுப்பி, ரஸ்ஸல் பெற்றுக்கொண்டதாக எழுதிய குறிப்புகளில் இருந்தது.

ஆடம்ஸே அமெரிக்காவின் நடுவர். பிரிட்டனுக்குத் தலைமை நீதிபதி காக்பர்ன்; மற்றவர்கள் இத்தாலியின் ஸ்கிளோபிஸ் (தலைவர்), சுவிட்சர்லாந்தின் ஸ்டெம்ஃப்லி, பிரேசிலின் இட்டாஜூபா. வழக்கைத் தொடுத்தவரே தீர்ப்புச் சொல்ல உட்காரலாமா என்று இன்று கேட்போம், கேட்க வேண்டும்தான். மறுபக்கம் பிரிட்டனின் வக்கீலாக வந்த ரவுண்டெல் பாமர், 1862 ஜூலையில் காலம் கடந்து கருத்துச் சொன்ன சட்ட அதிகாரிகளில் ஒருவர். இரு பக்கமும் பழைய ஆட்கள்தான்.

ஜெனீவா நகர மன்றத்தில் கூடிய அமர்வு தொடக்கத்திலேயே கவிழப் பார்த்தது. போர் நீண்டதற்கான செலவு, அமெரிக்கக் கப்பல்கள் வேறு கொடிக்கு மாறியது, காப்பீட்டுக் கட்டணம் ஏறியது என்று மறைமுக இழப்புக்கும் அமெரிக்கா பணம் கேட்டது. அவற்றை வைத்தால் பிரிட்டன் எழுந்து போய்விடும். எடுத்தால் அமெரிக்க அரசு உள்நாட்டில் தலைகாட்ட முடியாது. ஆடம்ஸின் யோசனைப்படி நடுவர்கள் 1872 ஜூன் 19இல் ஒரு வழி செய்தார்கள். இந்த இழப்புகள் நம் அதிகாரத்துக்குள் வருமா என்று தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் சர்வதேசச் சட்டப்படி இவற்றுக்கு ஈடு கிடையாது என்று முன்கூட்டியே தெரிவிக்கிறோம் என்றார்கள். அமெரிக்கா தானாக விட்டுக்கொடுத்த மாதிரியும் ஆயிற்று, பிரிட்டன் உட்கார்ந்திருந்த மாதிரியும் ஆயிற்று. தன் நாட்டின் கோரிக்கையைத் தானே வெட்டும் பொறுப்பை அவர் ஏற்றார். அதுவும் எந்தச் சமயத்தில்? அந்த மே மாதம்தான் சின்சினாட்டியில் லிபரல் ரிபப்ளிகன் கட்சி மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளருக்கான முதல் சுற்றில் முதலிடம் பெற்று, ஆறாவது சுற்றில் கிரீலியிடம் தோற்றிருந்தார். வேட்பாளர் ஆவதற்காகப் பேரம் பேச மாட்டேன் என்று எழுதிவைத்துவிட்டுக் கப்பலேறியவர்.

செப்டம்பர் 14 தீர்ப்பு: அலபாமாவுக்கு ஐவரும் ஒருமனதாகப் பிரிட்டனைப் பொறுப்பாக்கினர், காக்பர்ன் உட்பட. தென் மாநிலங்களின் இன்னொரு கப்பலான புளோரிடாவுக்கு நாலுக்கு ஒன்று. மெல்பர்னில் ஆள் சேர்த்துக்கொண்டு போன ஷெனன்டோவா என்ற கப்பலுக்கு, அந்தத் துறைமுகத்துக்குப் பிந்திய சேதத்துக்கு மட்டும், மூன்றுக்கு இரண்டு. சம்டர், நாஷ்வில், ஜார்ஜியா போன்ற மற்றக் கப்பல்களுக்குப் பொறுப்பில்லை. மொத்தம் 1 கோடியே 55 லட்சம் டாலர், தங்கமாக. காக்பர்ன் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். 1873இல் பிரிட்டன் பணத்தைக் கட்டியது. தன் சட்டத்தின் ஓட்டையை அதற்கு முன்பே, 1870இல், கப்பல் கட்டுவதையும் குற்றமாக்கி அடைத்துவிட்டது.

உங்கள் கட்டுரை கேட்ட கேள்விக்கு, குடும்பப் பெயர் அவரை லண்டன் வரை கொண்டுபோய்விட்டது என்பதே என் பதில். அதற்கு மேல் நடந்தது தேதி போட்டு, இணைப்பு வைத்து, பதில் வாங்கி அடுக்கிய குமாஸ்தா வேலை. அதே குடும்பப் பெயரோடு 1876இல் மாசசூசெட்ஸ் கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார் என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். 1886 நவம்பர் 21இல் காலமானார்.

அந்தத் தங்கம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அமெரிக்க நாடாளுமன்றம் 1874இல் தனி நீதிமன்றம் அமைத்து, கப்பலும் சரக்கும் இழந்தவர்களுக்குப் பங்கிட்டது. எல்லாருக்கும் கொடுத்தபின் பணம் மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று பல வருஷம் சண்டை போட்டுவிட்டு, 1882இல் அந்த நீதிமன்றத்தை மறுபடி கூட்டினார்கள். அப்போது பணம் பெற அனுமதிக்கப்பட்டவர்களில் ஒரு வகையினர், போர்க்காலத்தில் கூடுதல் காப்பீட்டுக் கட்டணம் கட்டியவர்கள். சட்டப்படி ஈடு கிடையாது என்று ஜெனீவாவில் ஆடம்ஸ் தள்ளிவைத்த அதே இழப்புக்கு, பிரிட்டன் கொடுத்த பணத்திலிருந்தே அமெரிக்கா தன் ஆட்களுக்குக் கொடுத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று விரிவுரையாளர்,
தூத்துக்குடி